கை வலிக்கிறதா, குறி தவறுகிறதா? கேமிங் மவுஸின் கோளாறை அறிகுறி வழியே பிடிப்பது

சென்ற மாதம் பக்கத்துத் தெருவிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர், ஓராண்டுக்குள் வாங்கிய மூன்றாவது கேமிங் மவுஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணா, இதுவும் கைக்குச் சேரவில்லை. அடுத்து எதை வாங்கலாம்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்கு முன் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரலின் வெளிப்பக்கம், நகத்துக்குச் சற்றுக் கீழே, உளுந்து அளவுக்குத் தோல் தடித்துக் காய்ப்பேறியிருந்தது. மூன்று மவுஸும் வேறு வேறு விலை, வேறு வேறு நிறுவனம். ஆனால் விரல் பிடிக்கும் இடத்தில் மூன்றும் ஒரே மாதிரி ஒடுங்கியவை. சுண்டுவிரலுக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லாமல், ஒவ்வோர் அசைவிலும் அது மவுஸ் பேடின் மேல் இழுபட்டிருக்கிறது. அந்த இடத்தை அளக்காமல் நான்காவதாக எதை வாங்கியிருந்தாலும் காய்ப்பு போயிருக்காது.

என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பகுதிக்குப் புதிய மவுஸ் தேவைப்படுவதில்லை. சில கையளவில் தீரும், சில விண்டோஸ் அமைப்பில் தீரும், சில ஒரு சொட்டு ஆல்கஹாலில் தீரும். எதில் கோளாறு என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். கீழே இருப்பது நான் சோதித்துப் பார்க்கும் வரிசை. உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போகலாம். கையை அளப்பதை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம், ஏனென்றால் பின்னால் வரும் பாதி விடைகள் அந்த எண்ணைக் கேட்கும்.

முதலில் கையளவு

வெள்ளைத் தாளின் மேல் மவுஸ் பிடிக்கும் கையை வைத்து, நான்கு விரல்களையும் சேர்த்து, பென்சிலால் சுற்றி வரையுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களும் உள்ளங்கையில் சேரும் இடத்தில் அகலம். தையல்காரர் டேப் இருந்தால் நல்லது, பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். நீளம் 17 செ.மீ.க்குக் குறைவென்றால் சிறிய கை, 20 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய கை, இடையில் இருப்பது நடுத்தரம் என்று விளையாடுபவர்கள் வழக்கமாகப் பிரிக்கிறார்கள்.

இரண்டு எண்களையும் 0.6 ஆல் பெருக்குங்கள். மவுஸின் நீளமும், விரல்கள் பிடிக்கும் இடத்தின் அகலமும் ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியும். அந்த மாணவரின் கை 20.5 செ.மீ. அப்படியானால் 12.3 செ.மீ. நீளம். அவர் கையிலிருந்தது 11.7. இது துல்லியமான விதி இல்லை, தொடங்குவதற்கு ஒரு பிடிமானம். சிறிய கைகளுக்கு இந்தக் கணக்கு 10 செ.மீ. என்று காட்டும். அவ்வளவு சிறிய கேமிங் மவுஸ் அரிது. அவர்கள் 11.5 செ.மீ. ஒட்டியதை எடுத்து, விரல் நுனிகளால் பிடிக்கப் பழகுவது நல்லது.

இதில் எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அகலம் மவுஸின் மிக அகலமான பகுதியினுடையது. உங்கள் கட்டைவிரலும் மோதிர விரலும் பிடிப்பது அதைவிட ஒடுங்கிய இடுப்புப் பகுதியை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் மவுஸில் ஸ்கேலை வைத்து அந்த இடுப்பை அளந்து பாருங்கள். கடைக்காரர் வேண்டாம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது பிடி. உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படிந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் பின்புறத்தைத் தொட்டு, விரல்கள் வளைந்து நின்றால் கிளா கிரிப். உள்ளங்கை எங்கும் படாமல் விரல் நுனிகள் மட்டும் பிடித்தால் ஃபிங்கர்டிப் கிரிப். உங்கள் பிடி எது என்று யோசித்துச் சொல்லாதீர்கள். யோசித்தவுடன் கை மாறிவிடும். விளையாட்டின் நெருக்கடியான கட்டத்தில் பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பாம் கிரிப் என்று உறுதியாகச் சொன்ன பலர், படத்தில் விரல்களைக் கொக்கிபோல் வளைத்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுண்டுவிரல் பேடில் உரசுகிறது, மோதிர விரல் இடுங்கிக் கிடக்கிறது

இடுப்பு ஒடுக்கம், அல்லது வலப்பக்கச் சுவர் உள்நோக்கிச் சரிந்திருக்கிறது. உடனே செலவழிக்க வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்டரை இரண்டு மூன்று அடுக்காக வலப்பக்கச் சுவரில் ஒட்டி மூன்று நாள் விளையாடிப் பாருங்கள். உரசல் குறைந்தால் உங்களுக்கு வேண்டியது இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலம் என்பது நிரூபணமாகிவிட்டது. அந்த அளவோடு கடைக்குப் போகலாம்.

பிளாஸ்டர் ஒட்டியும் உரசினால் சுண்டுவிரல் தங்குவதற்கு வேறு வடிவம் தேவை. மைக்ரோசாஃப்ட்டின் பழைய இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0-இன் சாய்ந்த முதுகைப் பின்பற்றி வந்த வலக்கை வடிவங்கள் பல இன்றும் சந்தையில் இருக்கின்றன. ஸோவி நிறுவனத்தின் ஈசி வரிசை அந்த வழியில் வந்தது. ஒரே வடிவத்தை ஈசி1, ஈசி2, ஈசி3 என்று பெரிது, நடுத்தரம், சிறிது எனத் தருகிறார்கள். வடிவம் பிடித்து அளவு மட்டும் பொருந்தாதவர்களுக்கு இப்படி அளவுவாரியாகக் கிடைப்பது பெரிய உதவி. சட்டையையும் செருப்பையும் அளவு பார்த்து வாங்கும் நாம், நாள் முழுக்கக் கையில் இருக்கும் பொருளை ஒரே அளவில் வாங்கப் பழகிவிட்டோம்.

இடக்கையால் விளையாடுபவர்கள் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே வடிவம் கொண்டதைத்தான் தேட வேண்டியிருக்கும். அதிலும் ஒரு கவனம் தேவை. வடிவம் சமமாக இருந்தாலும் பக்கப் பட்டன்கள் இடப்பக்கம் மட்டும் இருந்தால், இடக்கையின் கட்டைவிரலுக்கு அவை எட்டாது. பட்டன் எந்தப் பக்கம் என்று பார்த்தே வாங்குங்கள்.

மணிக்கட்டு வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது

இந்த இடத்தில் அவசரம் கூடாது. எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை ஒரு நரம்பின் பகுதி. அந்த நரம்பு மணிக்கட்டின் நடுவில் ஒரு குறுகிய வழியே வருகிறது. மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தே கிடந்தால் அங்கே நெரிசல் கூடும். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் வேறொரு நரம்பின் பகுதி. அது முழங்கையின் உள்பக்கம் வழியாக வந்து, சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டைக் கடந்து கைக்குள் நுழைகிறது. மேசை விளிம்பு அந்த இரண்டு இடங்களில் ஒன்றை அழுத்தினால் இந்த விரல்கள் மரக்கும்.

முதலில் நாற்காலியைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் விளையாட்டு மேடை. மேசை உயரம், நாற்காலி தாழ்வு. அதனால் முழங்கை மேசைக்குக் கீழே தொங்கும், மணிக்கட்டு விளிம்பில் மடிந்து ஏறும். மடித்த போர்வையையோ கெட்டியான தலையணையையோ நாற்காலியில் போட்டு, முன்கை மேசைக்குச் சமமாகப் படியும் உயரத்துக்கு வாருங்கள். கால் தரையில் எட்டவில்லை என்றால் ஒரு மனைப்பலகையைக் கீழே போட்டுக்கொள்ளலாம். முன்கையில் பாதியாவது மேசைமேல் இருக்கட்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால், பேடை விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கும்படி இழுத்து விடுங்கள்.

அடுத்து மவுஸின் முதுகு உயரம். கூன் அதிகமுள்ள மவுஸை விரல் நுனியால் பிடிப்பவர், மணிக்கட்டை எப்போதும் தூக்கியே வைத்திருப்பார். தட்டையான மவுஸுக்கு மாறினால் மடிப்பு குறையும். உள்ளங்கையைச் சாய்த்துவிடுபவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, உயரமான முதுகு வேண்டும். நேராக நிமிர்த்திப் பிடிக்கும் வெர்ட்டிகல் மவுஸ் அலுவலக வேலைக்குப் பலருக்கு இதம் தருகிறது. குறிபார்த்துச் சுடும் வேகமான ஷூட்டர் விளையாட்டுக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. கிளிக் செய்யும்போதே மவுஸ் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது.

இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மரமரப்பு, பொருள் கைநழுவி விழுவது, ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்தில் தணியாத வலி: இவை இருந்தால் மவுஸைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நரம்பு நீண்ட நாள் நெரிந்தால் பிடியின் பலம் குறையும். இருபது வயதில் இதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

கட்டைவிரலின் அடி வலிக்கிறது

பெரும்பாலும் மவுஸை நசுக்கிப் பிடிப்பதால் வருவது. கனமான மவுஸைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலும் மோதிர விரலும்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. லாஜிடெக் ஜி502 ஹீரோ 121 கிராம். 2020-இல் வந்த ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. ஒரு மணி நேரத்தில் சில நூறு முறை தூக்குபவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

புதிது வாங்காமலும் எடையைக் குறைக்க வழி உண்டு. கூடுதல் எடைக்கட்டைகள் உள்ள மவுஸ் என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஜி304 போல ஒற்றை ஏஏ பேட்டரியில் ஓடுவது என்றால், சாதாரண அல்கலைன் பேட்டரி ஏறத்தாழ 23 கிராம், லித்தியம் ஏஏ பேட்டரி 15 கிராம். மாற்றியதும் எட்டு கிராம் போய்விடும். அதுவும் பின்பாரம்தான் குறையும் என்பதால் எண்ணிக்கையைவிடக் கையில் அதிகமாகத் தெரியும்.

இன்னொரு காரணத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. குழுவோடு பேசுவதற்கான பட்டனைக் கட்டைவிரல் பக்கத்தில் வைத்திருப்பவர்கள், பேசும் நேரமெல்லாம் அதை அழுத்தியே வைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடிக்க வேண்டிய எதையும் கட்டைவிரலுக்குத் தராதீர்கள். தட்டிவிட்டு எடுக்கும் வேலைகளை மட்டும் தாருங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே வலி அடங்கியவர்கள் உண்டு.

குறி இலக்கைத் தாண்டிப் போகிறது, அல்லது திரும்பும்போது பேட் தீர்ந்துவிடுகிறது

டிபிஐ என்பது ஓர் அங்குலம் நகர்த்தினால் மவுஸ் கணினிக்கு அனுப்பும் எண்ணிக்கை. விளையாட்டுக்குள் இருக்கும் சென்சிடிவிட்டி, ஓர் எண்ணிக்கைக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லும். இரண்டும் சேர்ந்த பெருக்கல்தான் உங்கள் உண்மையான வேகம். பெட்டியில் 25,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 800 அல்லது 1600 டிபிஐயில் வாழ்நாள் முழுக்க விளையாடலாம்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற ஷூட்டர் விளையாட்டில் சென்சிடிவிட்டி 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.022 பாகை திரும்பும். 800 டிபிஐயில் முழுச்சுற்று சுற்ற ஏறத்தாழ 52 செ.மீ. தூரம் மவுஸை நகர்த்த வேண்டும். பின்னால் வரும் எதிரியைப் பார்க்க அரைச்சுற்று, 26 செ.மீ. உங்கள் பேடின் அகலம் 24 செ.மீ. என்றால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் ஒரே வீச்சில் திரும்ப முடியாது, நடுவில் தூக்கித்தான் ஆக வேண்டும். பிழை உங்கள் கையில் இல்லை, பேடில் இருக்கிறது. 40 செ.மீ.க்கு மேல் அகலமுள்ள துணிப் பேடை விரித்தபின் குறி நேரானவர்கள் பலர்.

குறி தொடர்ந்து இலக்கைத் தாண்டினால் சென்சிடிவிட்டியைப் பத்து சதவீதம் குறைத்து மூன்று நாள் அப்படியே விடுங்கள். எட்டாமல் நின்றால் பத்து சதவீதம் கூட்டுங்கள். ஒரே மாலையில் ஐந்து முறை மாற்றினால் கைக்கு எதுவும் படியாது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலிருந்து வேலரன்டுக்குப் போகிறவர்கள் தங்கள் எண்ணை 3.18 ஆல் வகுத்துக்கொண்டால் அதே வேகம் கிடைக்கும். 1 என்று வைத்திருந்தவருக்கு 0.314.

ஆட்டத்தின் நடுவே வேகம் திடீரென்று தலைகீழாக மாறினால், சக்கரத்தின் பின்னால் இருக்கும் டிபிஐ பட்டன் தெரியாமல் பட்டிருக்கிறது. மென்பொருளில் மற்ற டிபிஐ படிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள்.

ஒரே தூரம் நகர்த்தினாலும் குறி ஒரே இடத்தில் நிற்பதில்லை

விளையாட்டுக்குள் சுவரில் ஏதாவது ஒரு புள்ளியில் குறியை வையுங்கள். மவுஸின் இடப்பக்கத்தில் ஒரு கனமான புத்தகத்தை ஒட்டி வையுங்கள். மவுஸை வலப்பக்கம் 20 செ.மீ. வேகமாக இழுத்து, பிறகு மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்து புத்தகத்தில் முட்டுங்கள். குறி அதே புள்ளிக்கு வந்தால் எல்லாம் சரி. விலகி நின்றால் இரண்டில் ஒன்று: முடுக்கம் இருக்கிறது, அல்லது சென்சார் வேகத்தில் தவறவிடுகிறது.

முடுக்கத்தை முதலில் அணையுங்கள். விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் போய், கூடுதல் அமைப்புகள் பகுதியில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் தாவலைத் திறந்தால், "என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரெசிஷன்" என்ற பெட்டி டிக் செய்யப்பட்டிருக்கும். பெயர் துல்லியத்தைக் கூட்டுவதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அது கையின் வேகத்தைப் பார்த்துத் தூரத்தை மாற்றுகிறது. டிக்கை எடுத்துவிட்டு, வேகக் கோட்டை நடுவில், அதாவது பதினொன்றில் ஆறாவது படியில் நிறுத்துங்கள். புதிய ஷூட்டர்கள் பெரும்பாலும் மவுஸின் கணக்கை நேரடியாக எடுத்துக்கொள்வதால் அவற்றில் இது பாதிக்காது. பழைய விளையாட்டுகளில் பாதிக்கும். மவுஸின் சொந்த மென்பொருளிலும் முடுக்கம், ஆங்கிள் ஸ்நாப்பிங் (கோணலான அசைவை நேர்க்கோடாக்குவது) என்ற பெயர்களில் ஏதும் இயங்கினால் அணையுங்கள்.

டிபிஐ சொன்னபடி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இதே அமைப்பில் 800 டிபிஐ, 1920 புள்ளி அகலத் திரை என்றால், இட ஓரத்திலிருந்து வல ஓரம் போக மவுஸ் 6.1 செ.மீ. நகர வேண்டும். சில மில்லிமீட்டர் கூடக்குறைய இருப்பது இயல்பு.

திரையில் சுட்டி நடுங்குகிறது, தாவுகிறது

மவுஸைக் கவிழ்த்து, விளக்கின் கீழே சென்சார் குழியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு முடி. உருண்டை மவுஸ் காலத்தில் உள்ளே இருக்கும் உருளைகளில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்போம். இப்போது வேலை அதைவிட எளிது. கேமரா லென்ஸ் துடைக்க வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். போகவில்லை என்றால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் லென்ஸில் படியும்.

கண்ணாடி மேசை, பளபளக்கும் சன்மைக்கா ஆகியவற்றின் மேல் பல சென்சார்கள் தடுமாறும். துணிப் பேடைப் போட்டதும் தீர்ந்தால் காரணம் அதுதான். பேடே பழையது என்றால் குளிர்ந்த நீரில் மிதமான சோப்புப் போட்டுக் கையால் தேய்த்து அலசி, நிழலில் முழுவதும் காய விடுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், அடி ரப்பர் பிரிந்துவிடும். சென்னை மே மாதத்தில் வியர்வை உப்பு ஏறிய பேடில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்வதைச் சென்சார் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மவுஸைத் தூக்கி வைக்கும்போது மட்டும் குறி நகர்ந்தால், தூக்கும் உயரத்தில் சென்சார் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. மென்பொருளில் லிஃப்ட்-ஆஃப் தூரத்தைக் குறைந்த அளவில் வையுங்கள். ஒரு சிடியின் தடிமன் 1.2 மி.மீ. மவுஸின் அடியில் ஓரங்களில் மட்டும் சிடித் துண்டுகளை முட்டுக்கொடுத்து நகர்த்தும்போது சுட்டி அசையவில்லை என்றால் போதுமான அளவு.

வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது

பேட்டரியை மாற்றியும் தீரவில்லை என்றால், ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். கேபினட்டின் பின்புறம், நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில், பக்கத்தில் வெளி ஹார்ட் டிஸ்க்: இதுதான் வழக்கமான காட்சி. யுஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் விளக்கியிருக்கிறது. மவுஸும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, ரிசீவரை மேசைமேல் மவுஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வையுங்கள். பல மவுஸ்களோடு பெட்டியிலேயே இந்த ஒயர் வரும், யாரும் பிரிப்பதில்லை.

புளூடூத்தில் இணைத்து விளையாடுகிறீர்கள் என்றால் ரிசீவருக்கு மாறுங்கள். புளூடூத்தில் மவுஸ் நொடிக்கு ஏறத்தாழ 125 முறைதான் நிலையைச் சொல்லும், அதாவது 8 மில்லிநொடிக்கு ஒருமுறை. ரிசீவரில் 1000 ஹெர்ட்ஸ், 1 மில்லிநொடி. 8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கி, பழைய பிராசசரில் விளையாட்டே திக்குகிறது என்றால் 1000-க்கு இறக்கிவிடுங்கள். அவ்வளவு அடிக்கடி வரும் தகவலைக் கையாளவே பிராசசருக்கு வேலை கூடிவிடுகிறது.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை விழுகிறது

கோப்பை இழுத்துக்கொண்டு போகும்போது நடுவில் விழுந்துவிடும். ஸ்கோப்பை அழுத்திப் பிடித்திருக்கும்போது தானாக விலகும். ஒற்றைக் கிளிக்கில் ஃபோல்டர் திறந்துகொள்ளும். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலே சுவிட்ச் தேய்கிறது என்று பொருள்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சின் மூடியைக் கழற்றினால், நகத்துண்டு அளவில் வளைந்த ஒரு செம்பு இலை தெரியும். அழுத்தும்போது அது சட்டென்று புரண்டு கீழே உள்ள புள்ளியைத் தொடும். அந்த டிக் ஓசை இலை புரளும் ஓசை. என் சொந்த மவுஸ் ஒன்றரை ஆண்டில் இப்படிக் கெட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, பளபளக்க வேண்டிய தொடுபுள்ளியின் மேல் கறுத்த படலம் படிந்திருந்தது. இன்றைய மவுஸ்கள் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதால் அந்தப் படலத்தை எரித்துத் தள்ளும் அளவுக்குப் பொறி எழுவதில்லை. தொடர்பு விட்டு விட்டு வரும், கணினி அதை இரண்டு கிளிக்காக எண்ணிக்கொள்ளும்.

வாரண்டி இருந்தால் முதல் வேலை அதுதான். திறந்துவிட்டால் உரிமை போய்விடும். கோளாறு நடப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் சோதிக்கும்போது பார்த்து ஒழுங்காக வேலை செய்துவிடும், "எதுவும் இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்கு ஒரு சர்வீஸ் மையத்தில் இருமுறை அப்படி நடந்தது, மூன்றாம் முறை வீடியோவைக் காட்டிய பிறகுதான் மாற்றித் தந்தார்கள்.

வாரண்டி முடிந்திருந்தால், மென்பொருளில் டிபவுன்ஸ் நேரம் என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தொடுதலுக்குப் பிறகு எத்தனை மில்லிநொடி வரை அடுத்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதே அது. 4 இருந்தால் 8 அல்லது 10 ஆக்குங்கள். சில மாதம் ஓடும்.

நிலையான தீர்வு சுவிட்சை மாற்றுவது. மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளைச் சூடான ஹேர் டிரையர் காற்றில் இளக்கி உரித்தால் ஸ்க்ரூக்கள் தெரியும். மேல் ஓட்டைத் தூக்கும்போது மெதுவாக, ஏனென்றால் பலவற்றில் மேல் பாதியையும் கீழ் பாதியையும் மெல்லிய நாடா ஒயர் இணைத்திருக்கும். பழைய சுவிட்சின் மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கி எடுத்து, அதே திசையில் புதியதை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஓம்ரான், கைல் சுவிட்சுகள் சென்னையில் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், பற்றவைத்துத் தருபவர்களும் அங்கே உண்டு. இடம் வலம் இரண்டையும் ஒரே வகையாக மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அழுத்தம் வேறுபட்டு விரலை உறுத்தும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் அடுத்த முறை ஆப்டிகல் சுவிட்ச் உள்ள மவுஸ் எடுக்கலாம். அதில் உலோகம் உலோகத்தைத் தொட்டுச் செய்தி சொல்வதில்லை, ஒளிக்கற்றைதான் சொல்கிறது. அதனால் தொடுபுள்ளி கறுத்து இரட்டைக் கிளிக் விழும் பேச்சு இல்லை.

சக்கரம் மேலே உருட்டினால் கீழே போகிறது

சக்கரத்தின் அச்சில் தூசு. அழுத்தக் காற்று டப்பாவால் இரு பக்க இடுக்கிலும் ஊதி, சக்கரத்தை ஐம்பது அறுபது முறை வேகமாக உருட்டுங்கள். தீராவிட்டால், சக்கரம் சுழல்வதைக் கணக்கெடுக்கும் என்கோடர் என்ற உறுப்பை மாற்ற வேண்டும்.

பக்கவாட்டு ரப்பர் பிசுபிசுக்கிறது

ரப்பர் போன்ற பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் சிதைந்து பசையாகிவிடும். நம் கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஆல்கஹால் தொட்ட துணியால் பூச்சையே முழுவதும் துடைத்து எடுத்துவிட்டு, அடியில் தெரியும் பிளாஸ்டிக்கின் மேல் கிரிப் டேப் ஒட்டுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்கள் புதிதாக வாங்கும்போதே ரப்பர் பூச்சைத் தவிர்ப்பது நல்லது.

பட்டன்கள் தெரியாமல் படுகின்றன, அல்லது போதவில்லை

தெரியாமல் படுகிற பட்டனை மென்பொருளில் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டு ஒரு வாரம் விளையாடி, எதையும் இழக்கவில்லை என்றால் உங்களுக்கு அது வேண்டாத பட்டன். ஷூட்டர் விளையாடுபவருக்குப் பக்கவாட்டில் இரண்டு பட்டன் தாராளம் என்பது என் கருத்து. எம்எம்ஓ வகை, அதாவது இணையத்தில் ஏராளமானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடுவது, விளையாடுபவர்கள் வேறு உலகம். 2009-இல் வந்த ரேசர் நாகா கட்டைவிரலுக்கு மட்டும் பன்னிரண்டு பட்டன் தந்தது. அப்படிப்பட்ட மவுஸ் எடுத்தால் எல்லாப் பட்டனுக்கும் முதல் நாளே வேலை கொடுக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் விரல் இடத்தைப் படித்துக்கொள்ளும்.

கேமிங் சென்டரில் விளையாடுபவர்கள் மவுஸுக்குள்ளேயே நினைவகம் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். பல சென்டர்களில் கணினியை மறுதொடக்கம் செய்ததும் நிறுவிய மென்பொருள் எல்லாம் அழிந்துவிடும். வீட்டில் ஒருமுறை அமைத்து மவுஸின் நினைவகத்தில் சேமித்துவிட்டால், எந்தக் கணினியில் செருகினாலும் உங்கள் டிபிஐயும் பட்டன்களும் அப்படியே வரும்.

மேக்ரோவில் மட்டும் எச்சரிக்கை. ஓர் அழுத்தத்தில் பல செயல்களைத் தானாக நடத்தும் அமைப்புகளை 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இன் அதிகாரப்பூர்வ சர்வர்களில் தடை செய்தது. ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். ஒரு பட்டனுக்கு ஒரு செயல் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

புதிய மவுஸ் வந்த பிறகு முன்பைவிட மோசமாக விளையாடுகிறேன்

சென்சாரின் லென்ஸ் மவுஸின் நடுவில் இருக்கிறதா, முன்பக்கம் தள்ளி இருக்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். டிபிஐயும் சென்சிடிவிட்டியும் பழையபடியே இருந்தாலும், மணிக்கட்டைச் சுழற்றும்போது குறி நகரும் தூரம் இதனால் மாறிவிடும். பத்து நாள் எந்த எண்ணையும் தொடாமல் விளையாடுங்கள். பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், பல இடங்களில் திருப்பித் தரும் காலம் ஒரு வாரம்தான். குறி தவறுவது நாளுக்கு நாள் குறைந்தால் பொறுத்திருக்கலாம். ஆனால் வலியோ உரசலோ மரமரப்போ மூன்றாம் நாளும் அதே இடத்தில் வந்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம். அது பழகுவதால் தீராது. அன்றே பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவர் மூன்றாவது மவுஸைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டிவிட்டது. வலப்பக்கச் சுவரில் பிளாஸ்டர் மூன்று அடுக்கு, அதன் மேல் கிரிப் டேப், 45 செ.மீ. துணிப் பேட். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கையைக் காட்டினார். காய்ப்பின் ஓரம் உரியத் தொடங்கியிருந்தது.